விக்டோரியா காலத்துக் குஸ்தி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அண்டர்டேக்கர் படம் போட்ட டிரம்ப் கார்டை வைத்து விளையாடியவர்கள் நம்மில் நிறையப் பேர். உயரம், எடை, மார்பளவு, எத்தனை சண்டை, எத்தனை வெற்றி என்று எல்லாம் அட்டையில் இருக்கும். அந்த டிவி குஸ்தியின் வேரைத் தேடிப் பின்னால் போனால், 19ஆம் நூற்றாண்டில் பிரிட்டனின் மலையோரப் புல்வெளிகளுக்கும், நிலக்கரிச் சுரங்க ஊர்களுக்கும், பிரான்ஸின் சந்தைக் கூடாரங்களுக்கும் போய்ச் சேர்வோம். இந்தப் பேச்சை எங்கே எடுத்தாலும் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் சில உண்டு. அவற்றுக்கு எனக்குத் தெரிந்த பதில்கள் இவை.

விக்டோரியா காலம் என்றால் எப்போது? குஸ்திக்கு அதில் என்ன விசேஷம்?

விக்டோரியா ராணி ஆண்ட 1837 முதல் 1901 வரையிலான காலம். குஸ்தி அதற்குப் பல நூறு ஆண்டுகளுக்கு முன்பே இருந்தது, ஆனால் அதுவரை அது ஊர்த் திருவிழாவோடும் சந்தையோடும் முடிந்துபோகிற விஷயம். பக்கத்து மாவட்டத்துக்காரன் எப்படிப் பிடி போடுவான் என்றுகூடப் பலருக்குத் தெரியாது. ரயில் வந்ததும் அது மாறியது. இங்கிலாந்தின் வடமேற்கில் உள்ள ஏரி மாவட்டத்தின் வின்டர்மியருக்கு 1847இல் ரயில் போனது, 1852இல் பக்கத்து கிராஸ்மியரில் பெரிய விளையாட்டு விழா தொடங்கிவிட்டது. 1850இல் வந்த தொழிற்சாலைச் சட்டம் ஜவுளி ஆலைகளில் பெண்களையும் சிறுவர்களையும் சனிக்கிழமை மதியம் 2 மணிக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்றது, அவர்கள் போனபின் ஆலையை ஓட்ட முடியாது என்பதால் ஆண்களுக்கும் மெல்ல மெல்ல அரைநாள் கிடைத்தது. கையில் கொஞ்சம் காசு, அரைநாள் ஓய்வு, போய்வர ரயில், முடிவைப் படிக்கப் பத்திரிகை. வேடிக்கை பார்க்கக் கூட்டம் தயார்!

ஆளைத் தூக்கிக் கீழே போடுவதுதானே? ஊருக்கு ஒரு பாணி எதற்கு?

இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். எந்தக் குஸ்தியும் இரண்டு ஒப்பந்தங்களின் மேல் நிற்கிறது. எங்கே பிடிக்கலாம் என்பது ஒன்று, எது தோல்வி என்பது இன்னொன்று. இந்த இரண்டையும் ஊர்கள் தனித்தனியாகத் தீர்மானித்துக்கொண்டன, அதனால் உடல்களும் தந்திரங்களும்கூட ஊருக்கு ஊர் வேறாக வளர்ந்தன.

குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்று நாம் கேலியாகச் சொல்கிறோம். இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியான கார்ன்வாலில் அது சட்டம். அங்கே குப்புற விழுந்தவன் தோற்கவில்லை, மண்ணைத் தட்டிவிட்டு மறுபடி ஆடலாம், முதுகு மண்ணில் படவேண்டும். அதே ஆள் வடமேற்கே கம்பர்லண்டுக்குப் போய் ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றிவிட்டால் அந்தச் சுற்று போச்சு. அதற்குத் தெற்கே உள்ள லங்காஷயரில் விழுந்த பிறகுதான் பாதி ஆட்டமே தொடங்கும்.

கம்பர்லண்ட் பாணியில் இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறார்களே, அது என்ன?

இங்கிலாந்தின் வடமேற்கு மூலையில் இருந்த கம்பர்லண்ட், வெஸ்ட்மர்லண்ட் இரண்டு மாவட்டங்களின் பெயரையும் சேர்த்துத்தான் இந்தப் பாணியைச் சொல்வார்கள். இருவரும் நெஞ்சோடு நெஞ்சு சாய்ந்து நிற்பார்கள். உங்கள் முகவாய் எதிராளியின் வலது தோளின் மேல், அவர் முகவாய் உங்கள் வலது தோளின் மேல். உங்கள் வலது கை அவருடைய இடது அக்குளுக்குக் கீழே போகும், இடது கை அவருடைய வலது கைக்கு மேலே போகும், அவர் முதுகுக்குப் பின்னால் உங்கள் விரல்கள் கொக்கி மாதிரி ஒன்றில் ஒன்று மாட்டிக்கொள்ளும். அவரும் அப்படியே. இருவருக்கும் பிடி சரியாகக் கிடைத்த பிறகுதான் நடுவர் ஆரம்பிக்கச் சொல்வார்.

அதற்கப்புறம் பிடியை விட்டால் தோல்வி. பாதத்தைத் தவிர எது தரையில் பட்டாலும் தோல்வி. இருவரும் ஒன்றாக விழுந்து யார் முதலில் என்று சொல்ல முடியாவிட்டால் அதற்கு நாய் விழுகை என்று பெயர், மறுபடி ஆடவேண்டும்.

பார்க்கிறவர்களுக்கு ஆரம்பத்தில் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். இரண்டு பேர் வட்டமாக மெல்ல நகர்கிறார்கள், காலை மாற்றி மாற்றி வைக்கிறார்கள், அவ்வளவுதான். ஆனால் கண்ணால் பார்க்க முடியாத அளவுக்கு நெருங்கி நிற்பதால் எதிராளியின் எடை எந்தக் காலில் இருக்கிறது என்பதை நெஞ்சின் அழுத்தத்தை வைத்தே தெரிந்துகொள்கிறார்கள், அந்த எடை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறுகிற அந்த நொடியில் இடுப்பைக் கொடுத்துத் தூக்கிச் சுழற்றிவிடுவார்கள். ஹைப், பட்டக், ஹேங்க் என்று ஒவ்வொரு வீச்சுக்கும் ஒரு பெயர். என்னைக் கேட்டால் இந்தக் காலத்துப் பாணிகளிலேயே அழகானது இதுதான்.

இந்த வட்டாரத்தின் பெரிய பெயர்களில் ஒன்று ஜார்ஜ் ஸ்டெட்மன், 1846இல் பிறந்தவர், ஐம்பது வயதைத் தாண்டியும் கிராஸ்மியரில் களம் இறங்கியவர். பிழைப்புக்காக லண்டன் போன வடக்கத்திக்காரர்கள் அங்கே சங்கம் வைத்து, புனித வெள்ளி தோறும் இதே குஸ்தியை நடத்தினார்கள். ஊரைவிட்டுப் போனவர்கள் ஊரின் விளையாட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வது எல்லா இடத்திலும் நடக்கிற காரியம்தான்.

கம்பர்லண்ட் வீரர்கள் போடும் அந்தப் பூவேலை செய்த ஜட்டி எப்போது வந்தது?

வெள்ளை முழுநீள உள்ளாடை, மேலே வெள்ளை பனியன், அதற்கு மேல் பூத்தையல் போட்ட வெல்வெட் ஜட்டி. நிறையப் பேர் இதைப் பழங்கால உடை என்று நினைக்கிறார்கள். இது விக்டோரியா காலத்தில் சேர்ந்தது. அதற்கு முன்னால் வேலைக்குப் போட்டிருந்த துணியோடு, செருப்பை மட்டும் கழற்றிவிட்டு இறங்கினார்கள். குடும்பத்தோடு சுற்றுலா வருகிற கூட்டம் பெருகியதும் பார்வைக்கு நேர்த்தியாக இருக்கவேண்டும் என்ற எண்ணம் வந்தது, உடைக்கே தனிப் பரிசு வைத்தார்கள். வீட்டுப் பெண்கள் உட்கார்ந்து இலையும் பூவுமாகத் தைத்துக் கொடுத்தார்கள். ஒரு இடையனின் இடுப்பில் அவன் அம்மாவின் கைவேலை இருக்கும், அதைப் போட்டுக்கொண்டுதான் அவன் புல்லில் விழுவான், எழுவான்.

கார்ன்வாலுக்கும் டெவனுக்கும் என்ன சண்டை?

இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியில் டேமர் ஆற்றுக்கு இந்தப் பக்கம் டெவன், அந்தப் பக்கம் கார்ன்வால். இரண்டு ஊரிலும் முரட்டுத் துணியில் தைத்த தொளதொள சட்டையைப் போட்டுக்கொண்டு, அந்தச் சட்டையைப் பிடித்துத்தான் ஆடவேண்டும். வித்தியாசம் காலில் இருந்தது. கார்ன்வால்காரர்கள் காலணி போடமாட்டார்கள், எதிராளியை இறுக அணைத்துத் தூக்கிப் போடுவது அவர்கள் பலம். டெவன்காரர்கள் கெட்டியான தோல் காலணி போட்டு முழங்காலுக்குக் கீழே உதைப்பார்கள். உதையைத் தாங்குவதற்காக வைக்கோலைத் திரித்துக் கெண்டைக்காலில் சுற்றிக்கொள்வதும் உண்டு, வீரம் காட்ட நினைப்பவன் அதையும் அவிழ்த்துவிடுவான். ஆட்டம் முடிந்ததும் காலின் முன்பக்கம் தோலுரிந்து கிடக்கும்.

இரண்டு பாணியும் மோதிய மிகப் பிரபலமான ஆட்டம் விக்டோரியா பட்டத்துக்கு வருவதற்கு 11 ஆண்டுகள் முன்பு, 1826 அக்டோபரில், டெவன்போர்ட் பக்கம் நடந்தது. டெவன் தரப்பில் ஆபிரகாம் கேன், கார்ன்வால் தரப்பில் ஜேம்ஸ் பால்கிங்ஹார்ன். பால்கிங்ஹார்ன் செயின்ட் கொலம்பில் சத்திரம் நடத்தியவர், கேனைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு எடை. கேன் காலணியோடு, இவர் வெறும் காலுறையோடு. பல்லாயிரம் பேர் கூடியிருந்தார்கள். கேன் உதைத்துக்கொண்டே இருந்தார், பால்கிங்ஹார்ன் அணைத்துத் தூக்கப் பார்த்துக்கொண்டே இருந்தார், கடைசியில் எது முறையான வீழ்ச்சி என்பதில் தகராறு வந்து யாருக்கும் வெற்றி இல்லாமல் முடிந்தது. வேறு எப்படி முடியும்? இரண்டு வேறு ஒப்பந்தங்களைக் கோதாவில் இறக்கினால் நடுவர் எந்தச் சட்டத்தைப் படிப்பார்? அந்த ஆட்டத்தைப் பற்றி இரண்டு மாவட்டத்துக்காரர்களும் விக்டோரியா காலம் முழுக்க வாதாடிக்கொண்டே இருந்தார்கள்.

டெவனின் உதைப் பாணி அந்த நூற்றாண்டு முடிவதற்குள் மங்கிப்போனது. கார்ன்வால் பாணி தப்பியது. குடியும் பந்தயமும் சேர்ந்தது என்று மெதடிஸ்ட் போதகர்கள் அதை எதிர்த்தார்கள், அதைவிடப் பெரிய அடி 1860களில் செம்பு விலை சரிந்து சுரங்கங்கள் மூடியபோது விழுந்தது. ஆனால் வேலை தேடிப் போன சுரங்கத் தொழிலாளர்கள் தங்கள் குஸ்தியையும் கூட்டிக்கொண்டு போனார்கள். தெற்கு ஆஸ்திரேலியாவின் மூண்டா, கலிபோர்னியாவின் கிராஸ் வேலி, மிச்சிகன், தென்னாப்பிரிக்கா என்று அவர்கள் போன இடமெல்லாம் அந்தச் சட்டைக் குஸ்தியும் போனது. (1880களில் கோலார் தங்க வயலுக்கு வந்த வெள்ளைக்காரச் சுரங்கத் தொழிலாளர்களில் பெரும்பங்கு இதே கார்ன்வால்காரர்கள்தான், அவர்களோடு சேர்ந்து பூமிக்கு அடியில் இறங்கியவர்களில் ஏராளமானோர் தமிழர்கள்.)

லங்காஷயர் பாணிதான் இன்றைய குஸ்திக்குத் தாயா?

தாய் என்றே சொல்லலாம். போல்டன், விகன், ஓல்டம் பக்கத்து நிலக்கரிச் சுரங்க ஊர்களிலும் பஞ்சாலை ஊர்களிலும் வளர்ந்தது. கேட்ச் ஆஸ் கேட்ச் கேன் என்று பெயர், கிடைத்ததைப் பிடி என்று அர்த்தம். காலைப் பிடிக்கலாம், கழுத்தை வளைக்கலாம், விழுந்தவன் மேல் விழுந்து புரளலாம், அவன் இரண்டு தோளையும் தரையோடு அழுத்தும் வரை ஆட்டம் நிற்காது. குரல்வளையை நெரிப்பதும் எலும்பை முறிப்பதும் மட்டும் தடை. வலி கொடுத்து எதிராளியைப் புரள வைப்பதுதான் இதன் கலை. ஒருவன் மல்லாக்கத் திரும்ப மறுக்கிறானா, அவன் கையை அவனே திரும்பியாக வேண்டிய கோணத்துக்குக் கொண்டுபோ. அக்குளுக்குக் கீழே கைவிட்டு எதிராளியின் பிடரியை அழுத்துகிற, ஹாஃப் நெல்சன் என்று இன்று பள்ளிக்கூடப் பையன்களும் சொல்கிற பிடி இந்தப் பாணியில் வளர்ந்ததுதான்.

ஆட்டங்கள் மதுக்கடைகளை ஒட்டிய மைதானங்களில் நடந்தன, கடைக்காரரே ஏற்பாட்டாளர். பந்தயப் பணம் தாராளமாகப் புழங்கியது. படித்த லண்டன்காரர்களுக்கு இது காட்டுமிராண்டித்தனமாகத் தெரிந்தது, ஆனால் குத்துச்சண்டைக்கு குவீன்ஸ்பெரி விதிகளை எழுதிய ஜான் கிரஹாம் சேம்பர்ஸ் இந்தத் தளர்ந்த பிடிமுறையை 1870களின் தொடக்கத்திலேயே லண்டனில் பரப்பப் பார்த்தார். அவருக்கு அதன் அருமை தெரிந்திருந்தது. எட்வின் பிபி, ஜோ ஆக்டன் போன்ற லங்காஷயர் ஆட்கள் 1880களில் அமெரிக்காவுக்குப் போய் அங்கே பட்டங்களை வென்று காட்டினார்கள், அப்புறம் அமெரிக்கர்களே அதைக் கற்றுக்கொண்டு அவர்களைத் தோற்கடித்தார்கள்.

ஸ்காட்லாந்தையும் அயர்லாந்தையும் விட்டுவிட்டீர்களே?

ஸ்காட்லாந்துப் பிடி கம்பர்லண்ட் பிடிக்குப் பங்காளி, ஹைலண்ட் விளையாட்டுகளில் ஆடப்பட்டது. அங்கே பெரிய ஆள் டொனால்ட் டின்னி, பாரம் தூக்குவது, குண்டு எறிவது, ஓடுவது, குஸ்தி என்று எதையும் விடாமல் அமெரிக்கா, ஆஸ்திரேலியா வரை சுற்றிச் சம்பாதித்தவர். அயர்லாந்துக்காரர்கள் ஒரு கையால் காலரையும் இன்னொரு கையால் முழங்கையையும் பிடிப்பார்கள். ஆளை எட்ட நிறுத்திக் கால்வேகத்தால் சாய்க்கிற ஆட்டம் இது. புலம்பெயர்ந்த ஐரிஷ்காரர்களால் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் வேரூன்றி, உள்நாட்டுப் போரில் படைமுகாம்களுக்குப் போய், அங்கிருந்து நாடு முழுக்கப் பரவியது. 1870கள் வரை அமெரிக்கக் குஸ்தி என்றால் அதுதான்.

கிரேக்க ரோமானிய பாணி உண்மையிலேயே பழைய கிரேக்கத்திலிருந்து வந்ததா?

இல்லை. பண்டைய கிரேக்கர்கள் காலை வாரினார்கள், இந்தப் பாணியில் இடுப்புக்குக் கீழே தொடவே கூடாது. இது 19ஆம் நூற்றாண்டு பிரான்ஸில் உருவானது. நெப்போலியனின் படையில் இருந்த எக்ஸ்ப்ரயா என்பவர் 1848 வாக்கில் சந்தை சந்தையாகப் போய்க் குஸ்தி காட்டினார். அடிக்கக் கூடாது, இடுப்புக்குக் கீழே பிடிக்கக் கூடாது, வேண்டுமென்றே வலிக்க வைக்கக் கூடாது என்று விதி வைத்து, விரித்த கைக் குஸ்தி என்று அழைத்தார். கிரேக்க ரோமானிய என்ற பெயரை ஒட்டியவர் பார்டொலெட்டி என்ற இத்தாலியர். பழமைக்கு மதிப்பு கொடுத்த காலம் அது. பெயர் நின்றுவிட்டது, ஒலிம்பிக் வரை போய்விட்டது.

இன்னொரு விஷயத்துக்கும் பிரான்ஸை நினைக்கவேண்டும். 1860களில் பாரிஸில் ஒருவர் முகமூடி போட்டு மேடை ஏறினார். யார் அவர் என்று ஊரே பேசியது, டிக்கெட் விற்றுத் தீர்ந்தது. தியோபால்ட் பவர் என்பது அவர் பெயர், பின்னாளில் அமெரிக்காவுக்கும் போய் ஆடினார். முகமூடிக் குஸ்தி மெக்சிகோவில் பிறந்தது என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஊர் விளையாட்டு எப்படித் தொழிலாக மாறியது?

பரிசுப் பணம் எப்போதும் இருந்தது. ஆனால் குஸ்தியையே பிழைப்பாக வைத்து ஊர் ஊராகச் சுற்றுகிற ஆள் வந்தபோது ஒரு சிக்கல் வந்தது, அவன் போகிற ஊரில் அவன் பாணி இருக்காது. அதற்குக் கலப்புப் போட்டிகள் என்று ஒரு வழி கண்டார்கள். ஒரு சுற்று உன் பாணி, ஒரு சுற்று என் பாணி, சமமாகிவிட்டால் வேகமாக வென்றவன் கடைசிச் சுற்றின் பாணியைத் தேர்ந்தெடுப்பான். நியாயமான ஏற்பாடுதான், ஆனால் பார்வையாளர்களுக்குத் தலைசுற்றியது, ஏனென்றால் ஒவ்வொரு சுற்றிலும் தோல்விக்கு வேறு அர்த்தம்.

அடுத்த சிக்கல் நேரம். நியூயார்க் போலீஸ்காரராக இருந்து கிரேக்க ரோமானிய பாணியில் பெரும்புள்ளியான வில்லியம் மல்டூன் 1880இல் முகமூடி போட்ட அந்த தியோபால்ட் பவரைத் தோற்கடித்தார். அடுத்த வருடம் கிளாரன்ஸ் விஸ்லரோடு மோதினார். காலைத் தொட முடியாத பாணி, இருவரும் எருமைபோல் பலசாலிகள், இருவருக்கும் தற்காப்பு அத்துப்படி. ஒரு மணி நேரம் போனது, இரண்டு போனது, மூன்று போனது. கழுத்தைப் பிடிப்பதும் உதறுவதும், குப்புறப் படுத்துக் கிடப்பவனைப் புரட்டப் பார்ப்பதும் அவன் மறுப்பதும். விஸ்லர் தலைமுடியில் அம்மோனியா தடவியிருக்கிறார், கண் எரிகிறது என்று மல்டூன் குற்றம் சொன்னார். ஏழு மணி நேரத்துக்கு மேல் போயும் ஒரு வீழ்ச்சி கிடையாது, சமன் என்று அறிவித்துக் கூட்டத்தை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

இந்த ஆட்டத்தைத்தான் நான் திருப்புமுனை என்பேன். நேர்மையான ஆட்டம் இப்படியும் முடியும் என்று அன்றைக்குக் காசு கொடுத்தவர்கள் தெரிந்துகொண்டார்கள், ஏற்பாட்டாளர்களும் தெரிந்துகொண்டார்கள். கால்பிடியும் தரைப் புரளலும் உள்ள லங்காஷயர் பாணி அந்த இடத்தைப் பிடித்ததற்கும், ஆட்டத்தைச் சுவாரசியமாக ‘நடத்திக்’ கொடுக்கிற பழக்கம் வளர்ந்ததற்கும் காரணம் இதில் இருக்கிறது. மல்டூனே பின்னாளில் குழு வைத்துச் சுற்றினார், நாடகத்தில் மல்லன் வேடம் கட்டினார், உடலைச் சிலைபோல் நிறுத்திக் காட்டினார்.

அப்படியென்றால் அப்போதே செட்டிங் இருந்ததா?

இருந்தது. ஊர்க் குஸ்தியிலும் இருந்தது, விட்டுக்கொடுத்துப் பரிசைப் பங்கு போடுவதற்கு பார்னி என்று பேச்சுவழக்கே உண்டு. பத்திரிகைகள் புலம்பின, கூட்டம் கூச்சல் போட்டது. அதற்காக எல்லாமே நாடகம் என்று ஒதுக்குவது எனக்குச் சம்மதமில்லை. 1886இல் அமெரிக்க வீரர் எவான் லூயிஸ் ஜப்பானிய வீரர் மட்ஸாடா சோராகிச்சியின் காலை முறுக்கிப் படுகாயப்படுத்தினார், அந்தக் கால் வலி நாடகம் கிடையாது. அதே ஆள், அதே வருடம், ஒரு ஊரில் நிஜமாகவும் இன்னொரு ஊரில் பேசிவைத்தும் ஆடியிருக்கலாம் என்பதுதான் அந்தக் காலத்தின் உண்மை.

விளம்பரம் எவ்வளவு தூரம் போனது என்பதற்கு யூசுஃப் இஸ்மாயில் சாட்சி. ஒட்டோமான் பேரரசிலிருந்து 1894இல் பிரான்ஸுக்குக் கொண்டுவரப்பட்டவர், பயங்கரத் துருக்கியர் என்று பட்டம் கட்டினார்கள். 1898 மார்ச்சில் நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் எர்னஸ்ட் ரோபரை மேடையிலிருந்தே தள்ளிவிட்டார், கூட்டம் கொதித்தது. அதே ஆண்டு ஜூலை 4ஆம் தேதி ஊர் திரும்பும்போது லா பூர்கோன் கப்பல் மூழ்கி இறந்துபோனார். இடுப்பில் கட்டியிருந்த தங்கக் காசுகளின் கனத்தால் மூழ்கினார், மற்றவர்களைத் தள்ளிவிட்டுப் படகில் ஏறப் பார்த்தார் என்றெல்லாம் கதை கட்டினார்கள். நான் அதை நம்பவில்லை. போஸ்டரில் வரைந்த அரக்கனை அவர் செத்த பிறகும் விற்றார்கள். மொழி தெரியாத ஊரில் மாட்டிக்கொண்டு, சம்பாதித்ததோடு வீடு திரும்பப் பார்த்த ஒரு மனிதர் அவர், எனக்கு அவரை நினைத்தால் வருத்தம்தான்.

இந்திய மல்லர்களோடு மோதியிருக்கிறார்களா?

ஆம். உலகம் சுற்றிய ஆங்கிலேய வீரர் டாம் கேனன் 1892இல் கல்கத்தாவில் கரீம் பக்ஷிடம் தோற்றார். புகழ்பெற்ற இந்திய மல்லர் காமா லண்டன் போனது 1910இல், அது விக்டோரியா காலத்துக்கு அப்புறம்.

முதல் ஒலிம்பிக்கில் எந்தப் பாணி?

1896 ஏதென்ஸில் ஒரே ஒரு குஸ்திப் போட்டி, எடைப் பிரிவே கிடையாது, விதிகள் கிரேக்க ரோமானிய பாணிக்கு நெருக்கம். கலந்துகொண்டவர்கள் ஐந்து பேர். பாரம் தூக்குவதில் வென்ற பிரிட்டனின் லான்செஸ்டன் எலியட்டை, குட்டையான ஜெர்மன் ஜிம்னாஸ்டிக் வீரர் கார்ல் ஷூமன் சட்டென்று வீழ்த்தினார். கிரேக்கத்தின் சீட்டாஸோடு நடந்த இறுதி ஆட்டம் 40 நிமிடம் ஓடி இருட்டிவிட்டதால் நிறுத்தி, மறுநாள் முடித்தார்கள், ஷூமனுக்கே வெற்றி. லங்காஷயர் பாணி 1904இல் செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக்கில் சேர்ந்தது, இன்றைய ஃப்ரீஸ்டைல் அதன் வாரிசு.

இவற்றில் எதை இன்று நேரில் பார்க்கலாம்?

கார்ன்வாலில் கோடைக்காலத்தில் சட்டைக் குஸ்திப் போட்டிகள் நடக்கின்றன. மூன்று நடுவர்கள் கையில் கோலோடு சுற்றி நிற்பார்கள், முதுகு சரியாக விழுந்ததும் ‘முதுகு!’ என்று கத்துவார்கள். கிராஸ்மியர் விழா ஆகஸ்ட் மாதம். போனால் பெரியவர்கள் ஆட்டத்துக்கு முன்னால் சிறுவர்கள் ஆட்டத்தைப் பாருங்கள். பூவேலை ஜட்டி கொஞ்சம் பெரிதாக இருக்கும், முகவாயை எதிராளியின் தோளில் வைக்க ஒருவன் எக்கி நிற்பான், மற்றவன் முதுகுக்குப் பின்னால் தன் விரல்களைத் தேடிக்கொண்டிருப்பான், இருவருக்கும் பிடி கிடைக்கும்வரை நடுவர் காத்திருப்பார்.